உப்பைக் கூட்டியது யார்

கதிர்,

நலமா என்று கேட்டுத் தொடங்க இந்த முறை மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். இரண்டு வாரத்துக்கு முன்பு மேடையில் பார்த்தேனே. உன் அப்பாவின் பணி ஓய்வு விழாவில் நீ பேசி முடித்தபோது அரங்கமே கை தட்டியது. முதல் வரிசையில், நீ கட்டிக்கொள்ளப்போகிற தேன்மொழிக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். உனக்குப் பின்னால் திரையில் அந்தப் பழைய படம் தெரிந்தது. ஆறு பட்டை வைத்த கற்கண்டுத் துணுக்கு மாதிரி ஒரு படிகம், அதை ஒட்டி ஓர் ஊசி முனை. நீ போனில் கேட்டாய் என்று பீரோவைக் குடைந்து நானே தேடி எடுத்து அனுப்பிய படம். பாக்டீரியா தன் டிஎன்ஏ-வை நகலெடுக்கும்போது உதவிக்கு வரும் வளையம் மாதிரியான ஒரு புரதம் உண்டு, அதன் வடிவத்தை இந்தக் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்தவர் என் அப்பா என்று பெருமையாகச் சொன்னாய். கடைசியில், எல்லாரும் சிரிக்க வேண்டும் என்று நம் ஊர்ப் பேச்சுக்கு மாறி, "எங்க அப்பா கிறிஸ்டல் வளத்தாக, எங்க அம்மா என்னைய வளத்தாக" என்றாய். சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையைக்கூட அசைத்தார். அந்த அசைப்பில் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அன்றைக்கே உன்னிடம் பேசிவிட நினைத்தேன் என்று எண்ணிக்கொள்ளாதே. நீ பிறந்த நாளிலிருந்து இதைப் பேசாமல் இருந்துவிட்டவளுக்கு மிச்ச காலத்தையும் அப்படியே ஓட்டிவிடுவது பெரிய காரியமில்லை. மறுநாள் காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்கவே மாட்டேன். விழாவுக்கு வந்த பேராசிரியர்களோடு நீயும் அப்பாவும் வீட்டில் இருந்துவிட்டீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கும்பிட்டுவிட்டு வரலாம் என்று தேன்மொழியை நான் கூட்டிப் போனேன். முகூர்த்த நாள், வரிசை நகரவே இல்லை. பொழுது போக வேண்டுமே என்று பெங்களூரில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற லேப் வேலையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம். "இதெல்லாம் ஒங்களுக்குக் கேக்கப் பிடிக்குமா அத்தை?" என்றாள். சொல்லு என்றேன். அவள் சொல்லச் சொல்ல, எனக்குள் பூட்டிக் கிடந்த அறை ஒன்று திறந்துகொண்டது. உங்கள் புரதம், அந்த வளையத்தைத் திறந்து டிஎன்ஏ-வில் மாட்டிவிடுகிற இன்னொரு புரதம். அதை உறைய வைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தால் எல்லாத் துகளும் ஒரே பக்கமாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகு மட்டும் தெரிந்தால் முகத்தை எப்படி வரைவது. அதனால் ஒரு வருஷம் உன் வேலை நின்றுபோயிருந்தது. சோப்பு மாதிரியான ஒரு பொருளைத் துளியிலும் துளியாகச் சேர்த்து, எவ்வளவு சேர்த்தால் புரதம் கெடாமல் புரளும் என்று நாற்பது ஐம்பது தடவை மாற்றி மாற்றிப் பார்த்து வழி கண்டவள் தேன்மொழி. அதை அவள் தன் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்கிற மாதிரிச் சொன்னாள்.

"அப்ப பேப்பர்ல ஒம் பேரு எத்தனாவது?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "நன்றி சொல்ற எடத்துல வருது அத்தை. அவுகளுக்கு வெளிநாட்டுல எடம் கெடைக்கணும்ல. 'நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான, எம் பேரு வந்தா ஒம் பேரு வந்த மாதிரிதான'ன்னு சொன்னாக."

நாங்கள் அப்போது சந்நிதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். தீபாராதனை காட்டினார்கள். அவ்வளவு பெரிய பிள்ளையார் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கதிர், அந்த வாக்கியத்தை உனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. நீ பிறந்து நாலு மாதத்தில், உன்னை மடியில் போட்டுக்கொண்டு, அதே வார்த்தைகளை நான் கேட்டேன். சொன்னவர் உன் அப்பா.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் சிங்கம்புணரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தவள். உனக்கு அது தெரியும். ஆனால் 'அம்மா கொஞ்ச நாள் பிஎச்.டி பண்ணாக, அப்பறம் விட்டுட்டாக' என்கிற அளவில்தான் தெரியும். கடலைக்காடும் கொஞ்சம் வயலும் வைத்திருந்த என் அப்பா, பஸ் விட்டு இறங்கிப் பெட்டியைத் தானே தூக்கி வந்து ஹாஸ்டல் வாசலில் வைத்தார். இங்கே என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் என்ன உருவத்தில் இருக்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்றேன். நம்பினாரா தெரியாது. "பாத்துட்டு எனக்கும் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எங்கள் கைடுக்கு இருந்தது மூன்று அறைகள். உன் அப்பா எனக்கு ஆறு வயது மூத்தவர். வேறொரு கல்லூரியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். கணக்கில் கெட்டி. கம்ப்யூட்டரில் எண்களைப் போட்டு ஒரு மூலக்கூறின் உருவத்தைக் கட்டி எழுப்புவதில் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்திலேயே அவருக்கு நிகர் இல்லை. ஆனால் எண்கள் வர வேண்டுமானால் எக்ஸ்ரே அடித்துப் பார்க்க ஒரு படிகம் வேண்டும். படிகம் வர வேண்டுமானால் சுத்தமான புரதம் வேண்டும். அது என் வேலை. தொண்டிப் பக்கம் உப்பளச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் அந்த வளையப் புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றார் கைடு. நீ இன்றைக்கு மேடையில் அழகாகப் படம் போட்டு விளக்குகிறாய். அன்றைக்கு நான் அதை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் வரைந்தேன். பாக்டீரியா இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். எடுக்கிற நொதியைத் தனியாக விட்டால் கொஞ்ச தூரம் போவதற்குள் வழுக்கி விழுந்துவிடும். விழாமல் பிடித்துக்கொள்கிறது இந்த வளையம். ஒரே மாதிரியான இரண்டு புரதங்கள், ஒன்றின் தலையோடு இன்னொன்றின் வால் சேர்ந்து வளையமாகின்றன. நடுத்துளைக்குள் டிஎன்ஏ போகிறது. வளையம் அதை இறுக்காமல் வழுக்கிக்கொண்டே ஓடுகிறது. மற்ற பாக்டீரியாக்களில் இதன் உருவம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. உப்பில் வாழ்கிற ஒன்றில் எப்படி இருக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஒரு வருஷம் எனக்குத் தோல்விதான். புரதம் வரும், சுத்தம் செய்யும் கண்ணாடிக் குழாயில் விட்டால் தாமதமாக இறங்கும். தாமதமாக இறங்கினால் சின்னதாக இருக்கிறது என்று அர்த்தம். அதாவது வளையம் உடைந்து பாதி பாதியாகக் கிடக்கிறது. இரண்டு நாளில் வெள்ளையாகத் திரிந்துவிடும். இந்த ஜீனே சரியில்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு பாக்டீரியாவுக்குப் போ என்றார் உன் அப்பா. கைடும் அதையே சொன்னார். நான் இரண்டாவது தடவையாகத் தொண்டிக்குச் சேறு எடுக்கப் போனேன், கூட வந்தது ஹாஸ்டல் தோழி ஒருத்தி. முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றபோது காலில் இருந்த சின்னக் கீறல்கள் உப்பில் எரிந்தன. இந்த ஜீவன் உடம்புக்குள்ளும் வெளியிலும் இவ்வளவு உப்போடு இருக்கிறது. நாம் புத்தகத்தில் போட்டபடி, கிட்டத்தட்ட நல்ல தண்ணீரில் அல்லவா அதை அலசிக்கொண்டிருக்கிறோம் என்று அங்கேதான் தோன்றியது. திரும்பி வந்து யாரிடமும் சொல்லாமல் உப்பைக் கூட்டினேன். கொஞ்சம் கூட்டினேன், இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஐந்தாவது தடவை புரதம் குழாயிலிருந்து சீக்கிரம் இறங்கியது. முழு வளையம். ஒரு வாரம் வைத்திருந்தும் திரியவில்லை. அந்தப் பக்கத்தில் தேதி போட்டு 'சேர்ந்திருக்கிறது' என்று தமிழில் எழுதினேன். மற்றதெல்லாம் இங்கிலீஷில் இருக்கும் நோட்டில் அந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழ்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது அந்த வருஷம்தான். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். அதை நான் மறைக்கவோ குறைக்கவோ போவதில்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் லேபில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்ததுதான் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம். கரண்ட் போனால் ஏசி நின்று, படிகம் வளரப் புரதச் சொட்டு வைத்த தட்டுகள் சூடாகிவிடும் என்று தெர்மகோல் பெட்டிகளுக்குள் அவற்றை அடுக்கிவைத்துக்கொண்டு, கரண்ட் வரும் வரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நீ வயிற்றில் வந்தாய். ஐந்தாம் மாதம் ரத்தம் பட்டது. டாக்டரம்மா, இனி லேப் பக்கமே போகக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் போவதற்கு முதல் நாள்தான் இருபத்துநாலு குழி வைத்த ஏழு தட்டுகளில் சொட்டு வைத்து, கிரீஸ் தடவி மூடி, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் உப்பின் அளவை எழுதிவிட்டு வந்தேன். தினமும் பார்த்துச் சொல்லுங்கள் என்று உன் அப்பாவிடம் ஒப்படைத்தேன்.

ஏழாம் மாதம், ஒரு மத்தியானம் அவர் வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "வந்துருச்சு" என்றார். வேறொன்றும் சொல்ல வரவில்லை அவருக்கு. நான் டாக்டர் சொன்னதை மீறி ஆட்டோவில் போனேன். ஏழாம் தட்டு, மூன்றாம் வரிசை, நாலாவது குழி. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். ஆறு பட்டையோடு ஒன்று பெரிதாகவும், அதைச் சுற்றி நாலைந்து சின்னதாகவும் மினுங்கின. ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே பயம். அவ்வளவு உப்பு போட்டிருக்கிறோம், இது வெறும் உப்புப் படிகமாக இருந்துவிட்டால்? ஊசியால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பென்றால் கல் மாதிரி நிற்கும், அழுத்தினால் நொறுங்குகிற சத்தம் கேட்கும். புரதம் என்றால் மெத்தென்று உடையும். உன் அப்பாவுக்குத் தொடத் துணிவில்லை. ஊசியை என்னிடம் கொடுத்தார். வயிறு மேஜையில் இடிக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சின்னப் படிகத்தை அழுத்தினேன். சத்தமே இல்லாமல் அமுங்கிப் பொடிந்தது. "புரோட்டீன்தாங்க" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். பெரிய படிகத்துக்குப் பக்கத்தில் ஊசியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கேமராவை நுண்ணோக்கியில் மாட்டிப் படம் எடுத்தார். கதிர், நீ திரையில் காட்டிய ஊசி முனைக்கு இந்தப் பக்கம் இருந்தது என் கை. நீயும் அங்கே இருந்தாய்.

அவர் படிகங்களைப் பெங்களூருக்கு எடுத்துப் போனார். எக்ஸ்ரே அடித்து, எண்களைக் கொண்டுவந்து, மாதக் கணக்கில் உட்கார்ந்து உருவத்தைக் கட்டினார். அது அவருடைய உழைப்பு. அதில் ஒரு அணுவைக்கூட நான் எனதென்று சொல்ல மாட்டேன். வளையம் முழுதாகத் தெரிந்த அன்று, நீ பிறந்து ஒரு மாதம், காகிதத்தில் வரைந்துகொண்டு வந்து காட்டினார். இரண்டு பாதியும் சேருகிற இடத்தில், மற்ற பாக்டீரியாக்களில் இல்லாத விதமாக, உப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிற மாதிரி ஒரு அமைப்பு. நான் அழுதேன். சிங்கம்புணரியில் இருந்த என் அப்பாவுக்குப் போன் போட்டு, பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துக் கட்டுரை அச்சாகி வந்தது. மூன்று பெயர்கள். உன் அப்பா முதலில், பிறகு சீனியர் ஒருவர், அவர் ஒரு தட்டைக்கூடத் தொட்டதில்லை, கடைசியில் கைடு. முடிவில், சின்ன எழுத்தில், தொழில்நுட்ப உதவிக்கு நன்றி என்று போட்டு என் பெயர். கண்ணாடிப் பாத்திரம் கழுவித் தந்தவருக்கும் அதே வரியில் நன்றி சொல்லியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. "நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான. எம் பேரு வந்தா ஒம் பேரு வந்த மாதிரிதான." விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம் வரப்போகிறது, அதற்கு இந்தக் கட்டுரை அவர் பெயரில் பலமாக நிற்க வேண்டும் என்று கைடுதான் சொன்னாராம். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு கைடைப் பார்க்கப் போனேன். "ஏம்மா, ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு எதுக்கு? நீ வேற ஒரு புரோட்டீன் எடுத்துப் பண்ணு" என்றார். எழுந்து நின்று வழியனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இனிமேல் சொல்வது என் தப்பு. அடுத்த வாரம் உன் அப்பா ஒரு காகிதம் கொண்டுவந்தார். இந்த வேலை முழுவதையும் அவர் தன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. படிக்காமல் போட்டேன், பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், தூக்கக் கலக்கம் என்றெல்லாம் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தடவை படித்தேன். வேறு புரதமும் எடுக்கவில்லை, ஆய்வையும் முடிக்கவில்லை. இங்கேயே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனேன். டிஎன்ஏ நகலெடுக்கும் பாடம் வரும்போதெல்லாம், புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அந்த வளையத்தைக் கரும்பலகையில் வரைவேன். ஒரு வருஷம் ஒரு பெண், "மிஸ், இத எங்க படிச்சீக?" என்று கேட்டாள். ஏதோ புத்தகத்தில் என்றேன்.

அதைவிடப் பெரிய பொய்யை உன்னிடம் சொன்னேன். நீ பத்தாவது படிக்கும்போது பரணிலிருந்து அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாய். "அம்மா, இது ஒங்க கையெழுத்தால்ல இருக்கு?" என்று கேட்டாய். அடுப்படியில் நின்றபடியே, அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன் என்று சொன்னேன். நீ நம்பினாய். ஒரு மகனுக்கு அப்பா மேல் இருக்கிற மதிப்பை உடைக்கக் கூடாது என்று அப்போது நினைத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், ஒரு பெண்ணுடைய வேலை அவள் புருஷனுடையது என்று உனக்கு முதலில் கற்றுக் கொடுத்தவள் நான்தான். மேடையில் நீ சொன்னதற்கு உன்மேல் மட்டும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. தேன்மொழியிடம் சொன்னதற்கு உண்டு.

விழா முடிந்து நீ பெங்களூருக்குத் திரும்பிப் போன பிறகு உன் அப்பாவிடம் கேட்டேன். காலைச் சாப்பாட்டு நேரம். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உப்பைக் கூட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது, ஞாபகம் இருக்கிறதா என்றேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எனக்குத்தான். தொண்டிக்குச் சேறு எடுக்கப் போனப்ப தோணுச்சு" என்றார்.

"நீங்க தொண்டிக்கு வரவே இல்லையே."

"வந்தேனே. கால்ல எல்லாம் எரிஞ்சுச்சு, அன்னைக்கு வந்து ஒங்கிட்டச் சொன்னேன்ல."

கதிர், அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. எடுத்துக்கொண்டதை அவர் மனசுக்குள் எங்கேயோ வைத்து உறுத்திக்கொண்டிருப்பார், ஒரு நாள் கிழவனும் கிழவியுமாக உட்கார்ந்திருக்கும்போது வாய் திறந்து சொல்வார் என்று நம்பிக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், அவர் அம்மாவைக் கடைசி வரை பார்த்தேன். அவரோ என் பெயரை எடுத்ததோடு என் காலில் எரிந்த எரிச்சலையும் எடுத்துக்கொண்டுவிட்டார். சொல்ல வேண்டிய விஷயமே அவரிடம் மிச்சமில்லை. நான் பரணில் ஏறி நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கலியாணத்த வச்சுக்கிட்டு இப்ப எதுக்கு இத எடுத்துக்கிட்டுத் திரியிற?" என்றார். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அந்த நோட்டெல்லாம் எங்குட்டு வச்சிருக்க?" என்று கேட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று நோட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சிங்கம்புணரியில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, என் வீட்டில் என் நோட்டை வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி சிவகங்கைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைச் சிங்கம்புணரிக்கு வரச் சொன்னேன். எதையும் சொல்லாமல் நோட்டுகளை அவள் முன்னால் வைத்தேன். அந்தப் பெண் ஒரு வரி விடாமல் படித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் தங்கை கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. உப்பின் அளவு போட்ட பட்டியலில் ஒரு இடத்தில் விரலை வைத்து, இங்கே ஒரு தடவை தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அடுத்த பக்கத்தில் திருத்தியிருக்கிறீர்கள் என்று சொன்னாள். கல்யாணமான பிறகு முதல் தடவையாக ஒருவர் என் வேலையைப் படித்துவிட்டு என்னோடு பேசினார். பிறகு நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீங்க ஏன் அத்தை விட்டீக?" என்று கேட்டாள். பயம் என்றேன். அவர் வேலை போய்விடுமோ என்ற பயம், கைக்குழந்தையோடு எங்கே போவது என்ற பயம், எல்லாவற்றையும்விட, 'நீ பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை' என்று யாராவது என்னிடம் சொல்லி, அதை நானும் நம்பிவிடுவேனோ என்ற பயம். அவள் நோட்டை மூடி வைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"நான் அவுககிட்டக் கேப்பேன் அத்தை. ஆனா அதுக்கு முந்தி நீங்க அவுகளுக்கு எல்லாத்தையும் சொல்லிருங்க. ஒங்க கதை என் வாயால போகக் கூடாது" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்று அவளிடம் இருக்கிறது. உன் அப்பாவிடமும் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டேன். படித்தாரா என்று கேட்கவில்லை. அந்தக் கட்டுரையை யாரும் திருத்த வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. அதில் இருக்கிற உருவம் சரியான உருவம். ஒவ்வொரு அணுவும் அதனதன் இடத்தில் இருக்கிறது. பெயர்கள்தான் தப்பு. அது இனி என் பாடு, உன் அப்பா பாடு. உன் கட்டுரை இன்னும் போகவில்லை. அது போவதற்கு முன்னால் தேன்மொழியின் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் தெரியாமல் இருந்திருந்தால் அவளிடம் சமாதானம் சொல்லியிருக்க மாட்டாய். வெளிநாட்டு இடம் தள்ளிப்போனால் போகட்டும். உன் அப்பா என்னிடம் வந்து, எனக்கு இந்த வேலை வேண்டும், அதற்காக உன் வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்று நேராகக் கேட்டிருந்தால் ஒருவேளை நானே கொடுத்திருப்பேன். இரண்டு பேரும் ஒன்று என்று சொல்லி எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவள் என்னைப் போல இருக்க மாட்டாள். கேட்டுவிட்டு, பதிலைப் பார்த்து முடிவெடுப்பாள். அவள் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னாலும் அவள் வீட்டுக்கு நானே போய் அவள் பக்கத்தில் நின்று பேசுவேன், அதையும் தெரிந்துகொள்.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து நாலு நாளாகிறது. மஞ்சள் அட்டை, நீ கேட்ட மாதிரியே. அச்சகத்துக்காரர் நேற்றும் போன் செய்து, பிழை பார்த்தாகிவிட்டதா, அச்சு ஓட்டிவிடலாமா என்று கேட்டார். உன் அப்பா பக்கத்திலிருந்து ஓட்டச் சொல்லு என்று சைகை காட்டினார். இன்னும் பொறுங்கள் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். நீ என்னிடம் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவளோடு பேசு. அவள் எனக்குப் போன் செய்து 'சரி அத்தை' என்று சொன்னால், அன்றைக்கே அச்சகத்துக்கு நானே நடந்து போய் அந்த மாதிரியைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அம்மா